புல்லில் செய்த புருஷன்

மாட்டுக் கொட்டகையின் நிழலில் ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை. முகத்தின் மேல் ஒரு துண்டு. கால்கள் இரண்டும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன.

உச்சிப்பொழுது. பனைமரங்களின் நிழல் அவற்றின் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. கொட்டகை மாடுகளை யாரோ அவிழ்த்து வெளியே வெயிலில் கட்டியிருந்தார்கள். அந்த வெயிலில் எந்தக் குடியானவரும் மாட்டை வெளியே கட்ட மாட்டார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

டாக்டரம்மா வண்டியை விட்டு இறங்கியதும் நேராகக் கொட்டகைக்குப் போனார். பையைத் தரையில் வைத்துவிட்டு மண்டியிட்டார். படுத்திருந்தவரின் மணிக்கட்டை எடுத்து நாடி பார்த்தார்.

கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தார். பிறகு சட்டைக் கையை மேலே தள்ளினார். உள்ளே தர்ப்பைப் புல். பனைநாரால் இறுக்கிக் கட்டிய முழங்கை. அதன் நுனியில் தனித்தனியாக முறுக்கிவிட்ட ஐந்து விரல்கள்.

"நாடி இல்லை" என்றார் என்னிடம், ஆங்கிலத்தில்.

சாலையோர மருந்தகம்

அந்த மருந்தகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையில், புதுச்சத்திரத்துக்குச் சற்று முன்னால், ஒரு மிராசுதார் பிரசவத்தில் இறந்த தம் மகளின் நினைவாகக் கொடுத்த ஓட்டுவீடு அது. பெண்களுக்கு மட்டும் வைத்தியம். நான் செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பெண். பள்ளி இறுதி முடித்திருந்தேன். டாக்டரம்மாவின் ஆங்கிலத்தைத் தமிழாக்குவதும், வருகிறவர்களின் தமிழை ஆங்கிலமாக்குவதும் என் வேலை.

பின்னாளில் பத்திரிகையில் தந்திச் செய்திகளை மொழிபெயர்த்தபோது அந்தப் பழக்கம் கைகொடுத்தது. சொன்னதைச் சொல்ல வேண்டும். சொல்லாததைச் சேர்க்கக் கூடாது.

டாக்டரம்மாவின் பெயர் எல்சா. ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண். வயது நாற்பதுக்குள். யுத்தம் தொடங்கியதும் அவர் எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். வாரம் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். அங்கிருந்த ஏட்டுக்கு இதில் ரொம்பக் கூச்சம்.

"ஏனுங்கம்மா, உங்களத் தொரத்துன ஊருக்கே நீங்க போயி உளவு சொல்லுவீங்களா? எனக்குத் தெரியுதுங்க. மேல இருக்கறவங்களுக்குத் தெரியோணுமே. இந்தாங்க, இங்க போடுங்க" என்பார்.

பெயர் சொல்லாத சாமி

யூதர் என்றால் யார் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. வேதக்காரர்களில், அதாவது கிறிஸ்தவர்களில், ஒரு வகை என்று நினைத்தார்கள். எங்கள் வண்டிக்காரர் மாரப்பன் ஒருநாள் கேட்டே விட்டார்.

"ஏனுங்கம்மா, நீங்க மாதா கோயிலுங்களா, இல்ல அந்த இன்னொரு கோயிலுங்களா?"

"ரெண்டும் இல்லை" என்றார் டாக்டரம்மா, தமக்குத் தெரிந்த தமிழில். "நாங்க அவங்களுக்கு முந்தி."

"உங்க சாமி பேரு என்னங்க?"

"பேர் சொல்லக் கூடாது."

மாரப்பன் மாட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் யோசித்தார். "எங்கூட்டுக்காரியாட்டமா. அவளும் என்ற பேரச் சொல்ல மாட்டா. 'ஏனுங்க', 'இந்தாங்க'ன்னே காலத்தத் தள்ளிப்போட்டா."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் டாக்டரம்மா வண்டியின் முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பெரிய பெரிய தாடிக்காரர்கள் இதற்கு நூல் நூலாக விளக்கம் எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கும் இது தோன்றவில்லை."

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன் அவர் இரண்டு விளக்கு ஏற்றுவார். யுத்த காலத்தில் மெழுகுவத்தி கிடைக்காது. விளக்கெண்ணெய் ஊற்றிய அகல்கள்தான். ஏற்றியதும் இரண்டு கைகளாலும் கண்களை மூடிக்கொண்டு முணுமுணுப்பார். எங்கள் சமையல்காரப் பெண், "அம்மா அழுவறாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவாள்.

நம்பிக்கை உண்டா என்று நான் ஒருமுறை கேட்டேன். இல்லை என்றார். "எங்களில் விளக்கு பெண்களுடையது, புத்தகம் ஆண்களுடையது. கோயிலில் நாங்கள் மாடியில், தடுப்புக்குப் பின்னால் உட்காருவோம். எங்களைப் பற்றிய தீர்மானமெல்லாம் கீழே நடக்கும். படிக்கிற காலத்தில் இதை எதிர்த்து மேடை ஏறிப் பேசினேன். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். விளக்கோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை."

சித்தியின் தட்டு

அவருக்கு ஒரு சித்தி இருந்தாராம். முந்தின யுத்தத்தில் சித்தப்பா கப்பற்படையில் இருந்தார். கப்பல் மூழ்கியது. மூழ்கியது எல்லாருக்கும் தெரியும். பிழைத்து வந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அவர் செத்ததை யாரும் பார்க்கவில்லை.

தங்கள் சட்டம் விசித்திரமானது என்று டாக்டரம்மா விளக்கினார். நான்கு பக்கமும் கரை தெரிகிற குளத்தில் ஒருவன் விழுந்து எழவில்லையென்றால் அவன் செத்தவன். கரை தெரியாத தண்ணீரில் விழுந்தவனை அப்படிச் சொல்லிவிட முடியாது. எங்கேயாவது கரையேறியிருக்கலாம். அதனால் அவன் மனைவி விதவை இல்லை. மனைவியும் இல்லை. நங்கூரத்தில் கட்டிய பெண் என்று அவளுக்குப் பெயர். விடுவிக்கிற உரிமை புருஷனுக்கு மட்டும்தான். அவனோ தண்ணீருக்குள்.

"சித்தியை ஒருவர் கட்டிக்கொள்ளக் கேட்டார். நல்ல மனிதர், கடிகாரம் செய்கிறவர். பெரியவர்கள் கூடாது என்றார்கள். சித்தி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சித்தப்பாவுக்குத் தட்டு வைப்பாள். அது பாசம் என்று நாங்கள் நினைத்தோம். ஒருநாள் நான் தனியாக மேஜைக்குப் பக்கத்தில் நின்றபோது சித்தி அந்தத் தட்டைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், 'செத்துப் போயேன், செத்துப் போயேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள்."

பிறகு தம்மைப் பற்றியும் சொன்னார். அவருடைய கணவர் அடுத்த கப்பலில் வருவதாக இருந்தது. ஒரு காலையில் சிலர் வந்து அவரை அழைத்துப் போனதாகப் பக்கத்து வீட்டுக்காரி எழுதினாள். அதற்குப் பிறகு யாரும் எழுதவில்லை.

தொண்டையில் விரல்

பாவாயி எங்கள் மருந்தகத்துக்கு வந்தது இந்தக் காலத்தில்தான். சாலைக்கு மேற்கே, சோளக்காடுகளுக்கு நடுவில் தனியாக இருந்த தோட்டத்து வீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"சோறு எறங்க மாட்டீங்குதுங்க. தொண்டைக்குள்ள யாரோ வெரல வெச்சிருக்கறாப்பல இருக்குது."

டாக்டரம்மா கண்ணாடிக் கரண்டி வைத்துப் பார்த்தார். தொண்டையில் ஒன்றும் இல்லை. எப்போதிருந்து என்று கேட்கச் சொன்னார்.

"கோடாங்கி வந்துட்டுப் போன அன்னைலிருந்துங்க."

அவள் புருஷன் ராமசாமி மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டப் போனவர். ஜப்பான்காரன் அந்த நாட்டைப் பிடிக்கும் வரைக்கும் கடுதாசி வந்தது. பிறகு இல்லை. பிள்ளை இல்லை. வீட்டில் பாவாயி, ராமசாமியின் தம்பி சின்னுச்சாமி, அவர்களுடைய அத்தை பழனியம்மாள் மூவர்தான்.

அந்த வீட்டில் கன்றுக்குட்டிகள் செத்தன. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. சின்னுச்சாமிக்குப் பேசி முடித்த பெண் வேறிடத்துக்குப் போய்விட்டாள். உடுக்கை அடித்துக் குறிசொல்லும் கோடாங்கியைச் சின்னுச்சாமி அழைத்துவந்தார்.

"பெரியவன் தண்ணிக்குள்ள நிக்கறான்னு சொன்னாருங்க. சுத்திலும் கரை தெரியலையாம். அங்க இருக்கவும் எடமில்ல, போகவும் எடமில்லையாம். பாதி ஆளு இங்க வந்து மாட்டுக்கொட்டாயில நிக்குதாம்."

நான் மொழிபெயர்த்தேன். டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்திவிட்டு, "கரை தெரியவில்லை என்றா சொன்னாள்? இன்னொருமுறை கேள்" என்றார்.

கேட்டேன். அப்படித்தான் சொன்னாள்.

பரிகாரம் ஒன்றுதான். உடம்பு கிடைக்காதவருக்குத் தர்ப்பைப் புல்லிலும் புரசு இலையிலும் உடம்பு செய்து, தலைக்குத் தேங்காய் வைத்து, சுடுகாட்டில் எரித்துக் கருமாதி செய்துவிடுவது. செய்துவிட்டால் ராமசாமி செத்தவர். பாவாயி விதவை.

"தாலிய அறுத்து, வெள்ளைச் சீலையக் குடுத்து, என்ற அண்ணன் ஊட்டுக்கு வண்டியேத்தி உட்டுருவாங்க. அது கெடக்குதுங்க. பொறவு ஒருநாளு அவரு வந்து வாசல்ல நின்னா? அவரு செத்துப்போனவரு, நான் முண்டச்சி. நாங்க ரெண்டு பேரும் எந்த ஊட்டுல குடியிருக்கறதுங்க?"

முடியாது என்று சொல்லிவிடேன் என்றார் டாக்டரம்மா.

"சொன்னா, புருசன நடுத்தண்ணியில நிக்க வெச்சவ இவதான்னு ஆயிருமுங்க."

சின்னுச்சாமி கெட்டவர் இல்லை என்றும் அவளே சொன்னாள். நிஜமாகவே அவருக்குப் பயம். பொழுது இறங்கினால் கொட்டகைப் பக்கம் போக மாட்டாராம்.

அளவுக் கயிறு

அந்தப் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. புல் உடம்பு இறந்தவரின் நீளத்துக்கே இருக்க வேண்டும். அந்த நீளத்தை மனைவிதான் கொடுக்க வேண்டும். சடங்கு செய்கிற நாவிதர் ஒரு புதுக் கயிற்றைக் கதவிடுக்கு வழியாக உள்ளே நீட்டுவார். மனைவி தனியாக இருந்து, கண்ணை மூடி, புருஷனை மனதில் படுக்கவைத்து, தலைக்கு ஒரு முடிச்சு, தோள் இரண்டுக்கும் முடிச்சு, இடுப்புக்கு, காலுக்கு என்று போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"நாளைக்குக் காளியண்ணன் கயிறு கொண்டாந்து குடுப்பாருங்க" என்றாள் பாவாயி. காளியண்ணன் அந்த ஊர் நாவிதர்.

டாக்டரம்மா பார்லிக் கஞ்சி குடிக்கச் சொல்லி அனுப்பினார். மறுபடி வரச் சொன்ன நாளில் அவள் வரவில்லை. பட்டினியில் விழுந்துகிடப்பாளோ என்று நாங்கள் வண்டி கட்டிக்கொண்டு போனோம். போன அன்றுதான் சடங்கு என்பது எங்களுக்குத் தெரியாது.

கொட்டகையில்

காளியண்ணன் பனைநாரும் கையுமாக ஓடிவந்தார். "அம்மா, தொடாதீங்க. அதுக்கு உசுரு கூப்புட்டாச்சு."

தலையைக் கட்டும்போது காதிருக்கும் இடத்தில் வாய்வைத்து இறந்தவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களாம். கூப்பிட்டபின் அது புல் இல்லை. பிணம்.

டாக்டரம்மா அந்தக் கையை மெதுவாகக் கீழே வைத்தார். நிஜக் கையை வைப்பது போலவே வைத்தார்.

அந்தக் கை கொட்டகை நிழலுக்கு வெளியே, வெயிலில் கிடந்தது. பச்சைப் புல் காயும்போது முறுக்கு தளரும். தளரும்போது சின்னதாகச் சத்தம் வரும், விரல்கள் கொஞ்சம் விரியும். காரணம் தெரிந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தும் மறுபடி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"சட்டைதானுங்க பெருசாப் போச்சு" என்றார் காளியண்ணன், வருத்தமாக. விரல் நுனி வரை சட்டைக் கை வந்து மூடியது. "அவரு உட்டுட்டுப் போன சட்டைதான். அந்த ஊருல ஆளு எளச்சுக் குறுகிப்போனாரோ என்னமோ. நான் கயித்துப்படிதானுங்க செஞ்சேன்."

வீட்டுக்குள் பாவாயி தானியக் குதிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கம்மஞ்சோற்றை மோரில் கரைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"எறங்குதுங்க" என்றாள். "நேத்திருந்து எறங்குது."

தோள்

பொழுது சாய்ந்ததும் உறவுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். சின்னுச்சாமி புதுச்சத்திரம் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல கறுப்பு, குட்டையான உருவம். சின்ன வயதில் பனையிலிருந்து விழுந்து இடது தோள் இறங்கிப்போனவர். கிணற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு, கொள்ளிச் சட்டியை ஏந்திக்கொண்டு பிணத்தின் கால்மாட்டில் வந்து நின்றார். அதுவரை அவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்திருக்கவில்லை.

அத்தை பழனியம்மாள் அழுவதற்கு முன்வந்தார். தலைமாட்டில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு, "தண்ணியில போன என்ற தங்கமே" என்று இழுத்துத் தொடங்கினார். சட்டையின் தோளைத் தடவினார். பாட்டு நின்றது.

இடது தோளை மறுபடி தடவினார். வலது தோளைத் தடவினார். தலையைத் தூக்கிச் சின்னுச்சாமியைப் பார்த்தார்.

"ஏன் சாமி, இது ஒன்ற தோளாட்டமல்லோ இருக்குது."

எல்லாரும் பார்த்தார்கள். இடது தோள் இறங்கியிருந்தது. நீளமும் அவர் நீளம்தான். அவர் பக்கத்திலேயே நின்றதால் ஒப்பிட்டுப் பார்க்க வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. ராமசாமி வாசற்படியில் குனிந்து நுழைகிற உயரம் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

காளியண்ணன் வீட்டுக் கதவருகே போனார். "அம்மிணி, நீங்க குடுத்த கயிறு யாரு அளவுங்க?"

பாவாயி நிலைப்படிக்கு வந்து நின்றாள். சத்தமில்லாமல் பேசுகிறவள். அன்று எல்லாருக்கும் கேட்டது.

"கண்ண மூடுனா அவரு மொகந்தான் வந்துதுங்க. நீளம் வரல. இந்த ஊட்டுல ஆம்பள அளவுன்னா இவரு ஒருத்தருதான். மத்தியானம் கட்டில்ல தூங்கிட்டிருந்தாரு. கயித்த மேல வெச்சுப் புடிச்சேன். அசையக்கூட இல்லீங்க."

அண்ணன் மனைவியை அந்தப் பக்கம் நங்கை என்பார்கள். "நங்கை" என்றார் சின்னுச்சாமி. ஒரு கை தானாகத் தம் கழுத்துக்குப் போயிற்று.

"பேரு பெரியவருது, ஒடம்பு சின்னவருது" என்றார் காளியண்ணன். "இத எரிச்சா எது போகும்னு எனக்குத் தெரியாதுங்க."

"அவுத்துப் போட்டுட்டு வேற கட்டு" என்றார் உறவுக்காரர் ஒருவர்.

"உசுரு கூப்புட்டத அவுக்கறதுங்களா? நீங்க வேண்ணா அவுங்க. நான் தூரப் போயி நின்னுக்கறேன்."

யாரும் அவிழ்க்கவில்லை. சின்னுச்சாமி கொள்ளிச் சட்டியைத் தரையில் வைத்தார். எழவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது முறை. இது எழவு வீடா இல்லையா என்று தெரியாமலே எல்லாரும் சொல்லாமல் எழுந்து போனார்கள்.

நாங்கள் புறப்படும்போது சின்னுச்சாமி வண்டிக்குப் பக்கத்தில் வந்து கையை நீட்டினார். டாக்டரம்மா நாடி பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார்.

"நெசமாவாங்க?" என்றார். "கொஞ்சம் நல்லாப் பாருங்க."

டாக்டரம்மா மறுபடியும் பார்த்தார்.

வண்டியில் திரும்பும்போது டாக்டரம்மா, "என் சித்தியை விதவையாக விடவில்லை. இவளை மனைவியாக விடமாட்டேன் என்கிறார்கள். இருவரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. இவளிடம் மட்டும் ஒன்று கேட்டார்கள், நீளம்" என்றார்.

வேண்டுமென்றே செய்தாயா என்று டாக்டரம்மா பிறகொரு நாள் பாவாயியைக் கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன். "முதல்ல நெசமாவே நெனப்பு வரலீங்க. கயித்தத் திருப்பிக் குடுக்கறப்ப வந்துது. வாசப்படியில குனிஞ்சு வருவாரே, அது. வந்துது, ஆனாலும் குடுத்துட்டேன்."

பூ வாங்கி வந்தவர்

புல் மனிதர் கொட்டகையிலேயே இருந்தார். மாடுகள் அங்கே மறுபடி கட்டப்படவில்லை. சின்னுச்சாமி பக்கத்தில் வேறு கொட்டகை போட்டார். பழைய கொட்டகைக்குப் புதிதாகக் கூரை வேய்ந்தார். மழைச் சாரல் படாமல் தட்டி கட்டினார். கரையான் ஏறாமல் சுற்றிலும் சாம்பல் தூவினார். அது மக்கினால் தாமும் மக்கிவிடுவோம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முன்பு அண்ணனைச் செத்தவராக்க அலைந்தவர் இப்போது அண்ணன் உயிரோடிருப்பதாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். பாவாயி சுமங்கலியாக இருக்கும்வரை அதை எரிக்கச் சொல்லி யாரும் கேட்க முடியாது. சந்தைக்குப் போனால் பூவும் மஞ்சளும் குங்குமமும் வாங்கி வந்தார். அவள் நெற்றியில் குங்குமம் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

யுத்தம் முடிந்தது. மலேயாவிலிருந்து கப்பல்கள் வந்தன. ராமசாமி வேலைசெய்த தோட்டத்திலேயே இருந்த ஒருவர் பள்ளிபாளையத்துக்குத் திரும்பியிருப்பதாகக் கேள்விப்பட்டுப் பாவாயி போய்ப் பார்த்தாள். ஜப்பான்காரர்கள் ரயில்பாதை போட ஆட்களை ஏற்றிக்கொண்டு போனபோது ராமசாமியும் அந்த வண்டியில் இருந்தாராம். "போனதப் பாத்தேன். அப்பறம் பாக்கல. செத்ததையும் பாக்கல" என்றாராம் அவர்.

டாக்டரம்மாவுக்கும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் அவருடைய ஊரிலிருந்து செய்தி வந்தது. அதுவும் ஒரு ரயில் வண்டி. அதுவும் போனதைப் பார்த்ததோடு சரி.

அடுத்த அறுவடை முடிந்ததும் பாவாயி மருந்தகத்துக்கு வந்தாள். நோயாளிகள் போய்விட்ட நேரம். தலையில் மல்லிகைப் பூ.

"உக்காருங்க ரெண்டு பேரும். ஒரு சோலி இருக்குது."

உட்கார்ந்தோம்.

"முந்தி தாலிய அறுக்கச் சொன்னதும் சின்னவருதான். இன்னைக்கு அறுக்கக் கூடாதுங்கறதும் அவருதான். பூவக் குடுத்துட்டு நான் வெச்சுக்கற வரைக்கும் நின்னு பாக்கறாருங்க. நான் பொண்டாட்டியா இருக்கறது யாருக்காவ, சொல்லுங்க? என்ற ஊட்டுக்காரருக்காவ இத்தன நாளு இருந்தேன். அது இருந்தாச்சு. கொட்டாயில கெடக்கற புல்லுக்காவ இருக்க என்னால ஆகாதுங்க."

"அவர் இறந்துவிட்டார் என்று நினைக்கிறாயா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தெரியாதுங்க. செத்தாருன்னு நான் சொல்லல. நான் காத்திருந்து முடிச்சுட்டேன்னு சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கோங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா, அவளேதான் கழட்டுனா, ஒருத்தரும் கைவெக்கலன்னு சொல்லோணும்."

"எங்கள் சட்டத்தில் பெரும்பாலான காரியங்களுக்குப் பெண்ணின் சாட்சி செல்லாது" என்றார் டாக்டரம்மா. அதையும் நான் மொழிபெயர்த்தேன்.

"செல்லாட்டிப் போச்சாதுங்க. பாத்தாப் போதும்."

அவள் கைகளைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோய் மஞ்சள் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். இறுகிப்போன முடிச்சு. கொஞ்சம் நேரமாயிற்று. நான் உதவ எழுந்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். கழற்றியதைத் தென்னை ஓலைப் பெட்டியில் போட்டு மூடிக்கொண்டாள். வளையலை உடைக்கவில்லை. பூவை எடுக்கவில்லை. குங்குமத்தை அழிக்கவில்லை. அவை தாலி கட்டுவதற்கு முன்பே தன்னிடம் இருந்தவை என்றாள்.

டாக்டரம்மா தம் காரியத்தில் என்ன முடிவுசெய்தார் என்று நான் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு தொடர்ந்து எரிந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

சின்னுச்சாமி அந்த வாரமே வீட்டைப் பாவாயியிடம் விட்டுவிட்டு, அத்தையைக் கூட்டிக்கொண்டு, பவானிப் பக்கம் உறவுக்காரர் ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்வி. இரண்டு பங்கு நிலத்தையும் பாவாயியே பார்த்துக்கொண்டாள். பழைய கொட்டகையை அவள் என்ன செய்தாள் என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதவில்லை.

புதுச்சத்திரம் சந்தையில் ஒருநாள் அவளைப் பார்த்தேன். சிவப்புக் கண்டாங்கிச் சேலை, தலையில் பூ, கழுத்து வெறுமை. மிளகாய் மூட்டை ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே நடந்துவந்தாள். எதிரே வந்த பெண்கள் சிலர் அவளைக் கண்டதும் நின்றார்கள். சுமங்கலி எதிரே வந்தால் நல்ல சகுனம், சிரித்துக்கொண்டு போகலாம். விதவை எதிரே வந்தால் கொஞ்சம் நின்று, திரும்பி, உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும். இரண்டில் எதைச் செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கூடையும் கையுமாக நடுப்பாதையில் நின்றார்கள்.

பாவாயி அவர்களைச் சுற்றிக்கொண்டு போய் உப்பு விலை கேட்டாள்.